பத்துக்கு எத்தனை வலி?

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில், ஆர்.கே.பேட்டையைச் சேர்ந்த ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதலில் ஒரு அறிவிப்பு. என் மனைவி நாலாவது வரிசையில், ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து, பின்னால் போய் ரெண்டு சுற்று நடந்துவிட்டு மறுபடி வந்து உட்காருவாள். என் பேச்சு பிடிக்காமல் எழுந்து போகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் எழுந்திருக்க மாட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கம் முப்பத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரியும்.

செயலாளர் என்னை ‘ஓய்வுக்குப் பின் ஆரோக்கியம்’ என்று பேசச் சொன்னார். அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். நாள்பட்ட வலிக்கு இப்போது போனிலும் கம்ப்யூட்டரிலும் வைத்தியம் சொல்லித் தருகிறார்கள் இல்லையா, அதற்குள் போய்வந்த ஒரு நோயாளியின் அனுபவம். நோயாளி நானில்லை, அவள். இதைச் சபையில் பேச அவளிடம் அனுமதி கேட்டேன். ஒரு நிபந்தனை போட்டாள். “உங்க தப்பையும் சேர்த்துச் சொல்லணும்.” சரி என்று ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

நம்ம ஆர்.கே.பேட்டையைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்காக ரெண்டு வார்த்தை. ராமகிருஷ்ணராஜுபேட்டை என்பதுதான் முழுப் பேர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் சுருக்கிவிட்டோம். திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் பக்கம். தறி ஊர். இங்கேயும் அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கமும் தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம்தான் வரவேற்கும். 1960 ஏப்ரல் முதல் தேதி ஆந்திர எல்லை மாறித் திருத்தணி வட்டாரம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. பல வீடுகளில் இன்றைக்கும் உள்ளே தெலுங்கு, வாசலில் தமிழ். என் மாமனார் வீடும் அப்படித்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

என் மனைவி தறி வீட்டுப் பெண். பத்து வயதிலிருந்து தார் சுற்றியவள். தரையில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, வலது கையால் ராட்டையைச் சுற்றி, இடது கையில் நூலைப் பிடித்து, மணிக்கணக்காகக் குனிந்தபடி உட்கார வேண்டும். அவள் அப்பா குழித்தறியில் உட்கார்ந்தவர். பிறகு அண்ணன் விசைத்தறி போட்டார். கல்யாணத்துக்கு அப்புறமும், நான் பள்ளிக்கூடம் போன பிறகு அண்ணன் வீட்டுக்குப் போய் ரெண்டு மணி நேரம் கை கொடுத்துவிட்டு வருவாள். அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டுக்கு முதல் கேஸ் அடுப்பு வந்தது.

2009-ல் இடுப்பு வலி ஆரம்பித்தது. எல்லாருக்கும் வருகிற மாதிரிதான். தைலம், மாத்திரை, வெந்நீர் ஒத்தடம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்று வைத்தியத்தில் சொல்வார்கள். எங்களுக்கு அது மூன்று வருஷமாகி, ஆறு வருஷமாகி, பத்து வருஷத்தைத் தாண்டியது. புத்தூர் கட்டுக்குப் போனோம். எலும்பு முறிவுக்குத்தான் கட்டு, இவங்களுக்கு முறிவே இல்லையே என்று சொல்லி அனுப்பினார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், வயதுக்கேற்ற தேய்மானம் என்று வந்தது. அந்தக் காகிதத்தைப் படித்த நிமிஷத்திலிருந்துதான் என் தப்பு ஆரம்பம். ‘வயதுக்கேற்ற’ என்ற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் உடம்பிலும் ஒன்றுமில்லை. கணக்கு வாத்தியார் கணக்கு!

ஒரு உறவுக் கல்யாணத்தில் மூன்று மணி நேரம் நின்று பந்தி கவனித்தாள். மறுநாள் படுத்தவள் ரெண்டு நாள் எழுந்திருக்கவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நேத்து கல்யாணத்துல நல்லாத்தானே நடந்தே?” அவள் பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்த மாதிரிப் பேச்சு ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை. பத்து வருஷம்.

2020-ல் ஊரடங்கு. மார்ச் 24 ராத்திரி எல்லாம் மூடப்பட்டது. மறுநாளே, மார்ச் 25-ல், போன் மூலம் வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. ஏப்ரலில் இ-சஞ்சீவனி ஓ.பி.டி. வந்தது. வீட்டில் உட்கார்ந்தபடி டாக்டரைப் பார்க்கலாம் என்றதும் ஊரே ஆச்சரியப்பட்டது. எனக்கு அது புதுசில்லை. சித்தூருக்குப் பக்கத்தில் அரகொண்டா என்று ஒரு கிராமம். அங்கே 2000 மார்ச்சில் செயற்கைக்கோள் வழியாக அப்போலோ டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்கும் வசதியை, இந்தியா வந்திருந்த அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் தொடங்கி வைத்தார். நம்ம ஊரிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். அப்போது நான் பிள்ளைகளிடம், “ஒரு நாள் நம்ம வீட்டுக்கே டாக்டர் பொட்டியில் வருவார்” என்று சொன்னது ஞாபகம். வந்தார். பொட்டி மட்டும் சட்டைப் பையில் போடுகிற அளவுக்குச் சிறுத்துவிட்டது.

பெங்களூரில் இருக்கிற எங்கள் பையன் அந்த வருஷக் கடைசியில் ஒரு காரியம் செய்தான். வலிக்கென்றே எட்டு வாரப் பயிற்சி, செல்போனில் ஒரு ஆப், பணம் கட்டிச் சேர்த்துவிட்டான். யார் நடத்தியது, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். அவர்கள் கெட்டவர்களும் இல்லை. பாடம் முழுக்க இங்கிலீஷ். நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். உடம்பிலிருக்கிற வலி அமைப்பு கார் அலாரம் மாதிரி, திருடன் வராமலே கத்தும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் சொன்னார். இவள், “நம்மகிட்ட காரே இல்லையே” என்றாள். மனசை அமைதிப்படுத்த ஒரு பயிற்சி. கண்ணை மூடிக் கடல் அலைச் சத்தத்தைக் கேட்க வேண்டும். ரெண்டாம் நாள் கண்ணைத் திறந்து, “இந்தச் சத்தம் கேட்டா பாத்ரூம் போகணும்போல இருக்கு” என்று எழுந்துவிட்டாள். பிறகு ‘உடற்பயிற்சி’ என்று ஒரு பாடம். “விடியக்காலம் அஞ்சு மணியிலேருந்து நான் செய்யறதுக்கு என்ன பேராம்?” என்று கேட்டாள். அதற்கு ஆப்பில் பதில் இல்லை.

இனிமேல் சொல்வதுதான் அவள் போட்ட நிபந்தனை. வாரா வாரம் அந்த ஆப் ஒரு கேள்வி கேட்கும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இந்த வாரம் வலி எத்தனை? முதல் வாரம் அவளைக் கேட்டேன். “அதெப்படிங்க நம்பர்ல சொல்றது?” என்றாள். நாலு தரம் கேட்டேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. நானே 5 என்று போட்டேன். அடுத்த வாரம் கேட்கக்கூட இல்லை, 5 போட்டேன். ஏழாவது வாரம் 4 போட்டேன், பையன் கட்டின பணம் வீணாகக் கூடாது பாருங்கள். எட்டாவது வாரம் பாராட்டு வந்தது. வலியில் முன்னேற்றம் தெரிகிறதாம். அதைப் பையனுக்கு அனுப்பினேன். அவனும் சந்தோஷப்பட்டான். சம்பந்தப்பட்ட ஒருத்தியைத் தவிர எல்லாருக்கும் குணமாகிவிட்டது.

(சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

மறுபடியும் ரெண்டு வருஷம் ஓடியது. 2022-ல் என் பழைய மாணவி ஒருத்தி, பிசியோதெரபி படித்துவிட்டு வேலூர்ப் பக்கம் வேலை பார்ப்பவள், ஊருக்கு வந்தபோது வீட்டுக்கு வந்தாள். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தாள். “சார், எங்க பக்கத்துல தறி வேலை செஞ்ச அஞ்சாறு பேருக்கு நான் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வீடியோவில் சொல்லித் தரேன். அம்மாவையும் சேர்த்துக்கட்டுமா?” என்றாள். காசு வேண்டாம் என்றுவிட்டாள். முதலில் ஒரு நாள் நேரில் வந்து, முதுகைத் தொட்டு, காலைத் தூக்கிப் பார்த்து, நடக்கச் சொல்லி, பழைய ரிப்போர்ட்டெல்லாம் படித்து, வேலூரில் ஒரு டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிட்டு, அப்புறம்தான் போன். அந்த வரிசை முக்கியம். கை வைத்துப் பார்த்த பிறகுதான் கண்ணாடி.

முதல் செவ்வாய்க்கிழமை. நான் வழக்கம்போல போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் கேட்கும் கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். எத்தனை வருஷமா இருக்கு? 2009-லிருந்து. ராத்திரி தூக்கம் எப்படி? நல்லாத் தூங்கறா. மூணாவது கேள்வியில் அந்தப் பெண், “சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?” என்றாள்.

என் மாணவி. நான் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்த பெண். என்னை வெளியே நிற்கச் சொல்கிறாள்!

திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். கோபம்தான். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வந்திருந்தேன், சன்னலும் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்க வேண்டும் என்று இல்லை, காதில் விழுந்தது. இவள் முதலில் தமிழில் ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் தெலுங்குக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கும் தெலுங்கு வரும். முப்பத்தெட்டு வருஷமாக என்னோடு தமிழில் குடித்தனம் நடத்தியவள், வலியைத் தெலுங்கில் வைத்திருந்திருக்கிறாள். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சமையல் கட்டில் போய்த் தரையில் படுத்துக்கொள்வதையும், நான் எழுந்திருக்கும் முன்னால் மறுபடி வந்து படுத்துவிடுவதையும் சொன்னாள். மாத்திரையை நான் எண்ணுவேன் என்று, அண்ணன் வீட்டில் ஒரு அட்டை ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னாள். கடைசியாக ஒன்று சொன்னாள். அதைத் தமிழில் சொல்கிறேன்: “வலியைக்கூடத் தாங்கிக்கலாம்மா. தெனம் தெனம் வலிக்குதுன்னு சாட்சி சொல்லணுமே, அதான் தாங்கலை.”

திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது யாரைப் பற்றிய பேச்சு என்று புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை.

அதற்கப்புறம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். ரிட்டயர்டு வாத்தியார் வேறென்ன செய்வான்? படித்ததில் ரெண்டு மூன்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஜான் பொனிக்கா என்று ஒரு டாக்டர். இத்தாலியில் பிறந்து அமெரிக்கா போனவர். மல்யுத்தம் போட்டுச் சம்பாதித்து மருத்துவம் படித்தவர். குஸ்தியில் பட்ட அடிகளால் வாழ்நாள் முழுக்க அவருக்கே வலி. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்கும்போது, வலிக்கென்று தனியாக ஒரு படிப்பே இல்லையே என்று தோன்றி, 1953-ல் பெரிய புத்தகமாக எழுதினார். ஒரே டாக்டரால் ஆகாது. மயக்க மருந்துக்காரர், நரம்பு வைத்தியர், மனநல வைத்தியர், நர்ஸ் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். இன்றைக்கு ஆன்லைனில் நடக்கிற வலிப் பயிற்சிகள் எல்லாம் அந்த மேஜையிலிருந்து வந்தவைதான். 1973-ல் அவர் தொடங்கிய உலக வலி ஆய்வுச் சங்கம், வலி என்றால் என்ன என்பதற்கு 1979-ல் ஒரு வரையறை தந்தது. 2020-ல் அதைத் திருத்தினார்கள். திருத்தியபோது சேர்த்த குறிப்புகளில் ஒன்று, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பது. நான் ஆப்பில் 5, 5 என்று போட்டுக்கொண்டிருந்ததும் அதே 2020-ல்தான்.

இன்னொன்று இந்த நம்பர் விவகாரம். மெல்ஸாக் என்ற கனடாக்காரர் 1975-ல், வெறும் நம்பர் போதாது என்று, நோயாளிகள் வலிக்குச் சொல்லும் வார்த்தைகளைத் திரட்டி 78 சொற்களில் ஒரு கேள்வித்தாள் செய்தார். மெக்கில் கேள்வித்தாள் என்று பேர். படித்தபோது எனக்குத் தோன்றியது, நம்மிடம் இல்லாத வார்த்தையா? குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, இசிவு, உளைச்சல், மதமதப்பு. குடைச்சல் வேறு, கடுப்பு வேறு என்று எந்தப் பாட்டியும் சொல்வாள். அதை விட்டுவிட்டு, “பத்துக்கு எத்தனை?” என்று மார்க் கேட்டால் அவள் என்ன செய்வாள்?

என் மாணவி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. “இன்னிக்கு எத்தனை குடம் தூக்குவீங்கம்மா?” என்று கேட்டாள். இவள் டக்கென்று, “இன்னிக்கு ஒரு குடம். நேத்து அரைக் குடம்கூட முடியலை” என்றாள். அன்றிலிருந்து அந்தக் கும்பலுக்கே குடக் கணக்குதான். ஆறு பெண்களும் காலண்டரில் தினமும் எழுதினார்கள். எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்துப் பெட்ரோல் கணக்கா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

கார் அலாரத்துக்கும் வழி பிறந்தது. அந்தப் பெண் நரம்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போது இவளே குறுக்கிட்டாள். விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்க ஒரு கம்பி வைத்திருப்பார்கள். அந்தக் கம்பி சரியில்லாமல் போனால் நூல் அறாமலே தறி நின்று நின்று போகும். நூலைத் தேடித் தேடிப் பார்த்தால் எங்கேயும் அறுந்திருக்காது. “அந்த மாதிரியாம்மா?” என்றாள். “அதேதாம்மா” என்றாள் அந்தப் பெண். நூல் அறவில்லை, ஆனால் தறி நின்றது நிஜம். ரெண்டுமே உண்மை. பத்து வருஷமாக ஸ்கேன் காகிதத்தை வைத்துக்கொண்டு எனக்குப் புரியாத விஷயம், அஞ்சு நிமிஷத்தில் ரெண்டு பெண்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

பயிற்சியில் சொல்லித் தந்தது என்ன என்று கேட்பீர்கள். பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. வலி வந்த பிறகு வேலையை நிறுத்தக் கூடாது, வருவதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து வேலை. உடம்பைப் பார்த்து இல்லை. பதினைந்து நிமிஷம் நின்றால் வலி வருகிறதா, பன்னிரண்டாவது நிமிஷம் உட்கார். நல்ல நாளில் ஒரேயடியாக எல்லா வேலையும் முடித்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதுதான் இவள் வழக்கம். கல்யாணப் பந்தி மாதிரி. அதை மாற்றத்தான் ரொம்ப நாள் ஆனது. ஏனென்றால் பாதி மாவு அரைத்துவிட்டு உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் சோம்பேறி என்பார்கள் இல்லையா? தறிக்காரர்களுக்கு அது இன்னும் கஷ்டம். கூலி துணிக் கணக்கில். நடுவில் நிறுத்தினால் காசு குறையும். இந்தப் பயிற்சிகளை எழுதினவர்கள் மாதச் சம்பளக்காரர்களை மனசில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். கும்மிடிப்பூண்டி, ஒரகடம் என்று கம்பெனி பஸ்ஸில் போகிற நம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். லைனில் நிற்கிறவன் பன்னிரண்டாவது நிமிஷம் உட்கார முடியுமா?

இன்னும் சில உண்டு. மூச்சு. தூக்கம். ரொம்ப வலிக்கிற நாளுக்கு முன்கூட்டியே ஒரு திட்டம்: யார் சமைப்பது, எதை விட்டுவிடுவது. அந்தத் திட்டத்தில் சமையல் என் பேரில் எழுதப்பட்டது. நான் வைக்கிற ரசத்தைப் பற்றி அவளிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை விஷயத்தில் அந்தப் பெண் கண்டிப்பு. டைக்லோஃபெனாக் மாதிரி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் வருஷக்கணக்கில் கடையில் வாங்கித் தின்றால் வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும். இங்கே நம் வயசுக்காரர்கள் நிறையப் பேர் சட்டைப் பையில் வைத்திருப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

போனால் ஆகாதது எது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆறு பேரில் ஒருத்தர், ஒரு செவ்வாய்க்கிழமை, கால் ரெண்டும் தொளதொளவென்று இருக்கிறது, மூத்திரம் போவதே தெரியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போச்சு என்று ஏதோ சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பெண் வகுப்பை அங்கேயே நிறுத்திவிட்டாள். “இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நாளைக்குன்னு வேண்டாம்” என்று சொல்லி, 108-க்கு அவளே போன் செய்தாள். அன்றைக்கு ராத்திரியே ஆபரேஷன். இப்போது நடக்கிறார். இது வலியைப் பழக்கிக்கொள்கிற விஷயமில்லை, முதுகு நரம்புக் கொத்து நசுங்குகிற விஷயம். நேரம் போனால் திரும்பி வராது. இந்த மூன்று அறிகுறியையாவது இங்கிருந்து ஞாபகமாக எடுத்துக்கொண்டு போங்கள்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆப் பிரயோஜனமில்லை; மறுமுனையில் ஒரு மனுஷி இருந்தால்தான் நடக்கும் என்று. பிறகு ஆஸ்திரேலியாவில், சிட்னி மெக்வாரி பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்றைப் படித்தேன். எட்டு வாரத்தில் அஞ்சு பாடம், இன்டர்நெட் வழியாக. 2015-ல் வெளிவந்தது. 490 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரா வாரம் ஒரு நிபுணர் தொடர்புகொண்டார். ஒரு பிரிவுக்கு வேண்டுமானால் மட்டும். ஒரு பிரிவுக்கு யாருமே பேசவில்லை. மூன்று பிரிவுமே, பயிற்சி தராத பிரிவைவிட நன்றாக ஆனது. மூன்றுக்குள்ளும் பெரிய வித்தியாசம் இல்லையாம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் முடிவுக்கு நேர் விரோதம். கணக்கு வாத்தியார் விடை பிடிக்கவில்லை என்று கணக்கை மறைக்கக் கூடாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ரொம்ப நாள் யோசித்தேன். அவர்கள் தாங்களே தேடிவந்து சேர்ந்தவர்கள். பாடம் அவர்கள் வீட்டில் பேசுகிற மொழியில், அவர்கள் வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் எழுதியது. கேள்விக்கு அவர்களே மார்க் போட்டிருப்பார்கள், பக்கத்தில் ஒரு புருஷன் உட்கார்ந்து போடவில்லை. இந்த மூன்றும் இருந்தால் எழுத்தே பேசிவிடும்போலிருக்கிறது. இவளுக்கு இந்த மூன்றும் இல்லை. அந்தப் பெண் போனில் வந்து இந்த மூன்றையும் சரிசெய்தாள். மொழியை மாற்றினாள், குடத்தை வைத்தாள், என்னை வெளியே அனுப்பினாள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரையோடு, தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். திருவள்ளூரிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கை வைத்துப் பார்க்க ஆள் வருகிறார். போன் எல்லார் கையிலும் இருக்கிறது. ரெண்டையும் இணைத்து, நம் தறித் தெருக்களுக்கு ஏற்ற மாதிரி தமிழிலும் தெலுங்கிலும் எட்டு வாரப் பாடம் ஒன்று எழுத முடியாதா? இந்த மண்டபத்தில் டாக்டர் இருக்கிறார், கம்ப்யூட்டர்காரர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள், பிசியோதெரபி படித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கிறீர்கள். சங்கம் வருஷா வருஷம் ரத்ததான முகாம் நடத்துகிறது, நல்லது. அதோடு இதையும் யோசியுங்கள். குடக் கணக்கு எழுத நான் தயார்.

இப்போது அவளுக்கு வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. திருத்தணியில் 365 படியும் ஏறினாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும்; ஏறவில்லை. காரில்தான் மலைக்குப் போனோம், வாடகைக் கார். தரிசன வரிசையில் நடுவில் ரெண்டு தரம் உட்கார்ந்தாள். மாத்திரை குறைந்திருக்கிறது. ராத்திரி சமையல் கட்டுக்குப் போவது குறைந்திருக்கிறது. போனாலும் என்னை எழுப்பிவிட்டுப் போகிறாள். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை அரைக் குடம், நேற்று ரெண்டு குடம். செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து ரொம்ப நாளாகிறது, ஆனால் அந்த ஆறு பேரும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்னும் போனில் கூடுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. நான் திண்ணையில்தான் இருக்கிறேன். இப்போது சன்னலைச் சாத்திவிடுகிறாள்.

அதோ, மூன்றாவது தடவையாக எழுந்துவிட்டாள். நாற்பத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது என்று அர்த்தம். செயலாளர் அவர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். மதியச் சாப்பாட்டைத் தட்டேந்தி நின்று சாப்பிடுகிற மாதிரி ஏற்பாடு செய்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இங்கே நம்மில் எத்தனை பேருக்கு இடுப்பும் முழங்காலும் இருக்கிற நிலைமை உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் நாற்காலி போடச் சொல்லுங்கள்.